தாள் உண்டு, வகுப்பு இல்லை

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தக் குரல் பதிவுகள் வரத் தொடங்கும். இத்தனை வருடத்தில் வாசகமே எனக்கு மனப்பாடமாகிவிட்டது. "சார், வணக்கம். எஸ்.பி.எம்.-ல இலக்கியம் எடுத்திருக்கேன். ஸ்கூல்ல கிளாஸ் இல்ல, சொந்தமாத்தான் படிக்கிறேன். இன்னும் ஸ்டார்ட் பண்ணல சார். உங்ககிட்ட நோட்ஸ் இருக்குன்னு சொன்னாங்க. அனுப்ப முடியுமா?"

நானும் அனுப்பிவிடுவேன். 42 பக்கம். நாவலின் கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, கவிதைகளின் மையக்கருத்து, நாடகத்தின் பின்னணி, கடைசியில் மாதிரி விடைகள். நான் தொகுத்தது, நண்பர்கள் சேர்த்தது, யாரோ எப்போதோ தட்டச்சு செய்தது எல்லாம் அதில் கலந்து கிடக்கிறது. "நன்றி சார்" என்று கைகூப்பும் படம் வரும். பெற்றோருக்கு நிம்மதி. எனக்கும் தமிழுக்கு ஏதோ செய்துவிட்ட திருப்தி. இந்தத் திருப்தியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அது ஒரு ஏமாற்று என்று இப்போது நம்புகிறேன்.

கோலா சுங்கை பாரு மலாக்கா மாநிலத்தின் வடமேற்கு ஓரத்தில் இருக்கிறது. லிங்கி ஆற்றைக் கடந்தால் நெகிரி செம்பிலான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செம்பனை. நடுவில் ஒரு சிறு பட்டணம். மலாக்கா நகருக்குப் போக மஸ்ஜிட் தானா, சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். சுங்கை பாரு தோட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு காலத்தில் லயங்கள் நிறைந்திருந்தன. கித்தா போய்ச் செம்பனை வந்தது. ஆட்கள் குறைந்தார்கள். பிள்ளைகள் சிரம்பானுக்கும் மலாக்காவுக்கும் ஜொகூருக்கும் போனார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் ஒன்றாகப் படித்த பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்கு வரும்போது நாலைந்து பள்ளிகளில் சிதறிவிடுகிறார்கள். ஒரு பள்ளியில் ஏழு பேர், இன்னொன்றில் நாலு பேர், இன்னொன்றில் ஒரே ஒரு பையன். சிதறியவர்களுக்கு நாம் தரும் அறிவுரை ஒன்றுதான்: சொந்தமாப் படிச்சு எழுது.

"சொந்தமாகப் படித்து" என்ற சொல் நம் சமூகத்தில் எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள். தேர்வு முடிவு வந்த மறுநாள் நாளிதழில் படத்தோடு வரும். ஆசிரியர் இல்லாமல், வகுப்பு இல்லாமல், சொந்த முயற்சியில் இலக்கியத்தில் ஏ. பக்கத்தில் அம்மா அப்பா, கையில் மாலை. அந்தப் பிள்ளையின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தச் செய்தியை நாம் ஏன் பெருமையாக வாசிக்கிறோம்? பௌதிக ஆசிரியர் இல்லாத பள்ளியில் ஒரு மாணவி பௌதிகத்தைத் தானே படித்து ஏ எடுத்தால், ஆசிரியர் எங்கே போனார் என்றுதான் முதலில் கேட்போம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நாற்காலி பறக்கும். தமிழ் இலக்கியம் என்றால் மாலை போடுகிறோம்.

உண்மையில் அங்கே நடப்பது சுயகல்வியும் இல்லை. சுயகல்விக்கு நூலகம் வேண்டும், நேரம் வேண்டும், ஒன்றைப் படித்துவிட்டு இன்னொன்றைத் தேடிப் போகிற சுதந்திரம் வேண்டும். இங்கே நடப்பது: பதினோரு மாதம் ஒன்றும் இல்லை, கடைசி மூன்று வாரத்தில் என்னுடைய 42 பக்கம், கூட ஐந்து வருடத்துப் பழைய கேள்வித்தாள். பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். மற்ற ஒன்பது பத்துப் பாடங்களுக்கு வகுப்பு இருக்கிறது, வீட்டுப்பாடம் இருக்கிறது, கேள்வி கேட்கிற ஆசிரியர் இருக்கிறார். இலக்கியத்துக்கு யாரும் கேட்பதில்லை. யாரும் கேட்காத பாடம் கடைசிக்குத் தள்ளப்படும். பெரியவர்கள் நாமும் அப்படித்தானே, வருமான வரிப் பாரத்தை என்றைக்கு நிரப்புகிறோம்?

இது எங்கே தொடங்கியது என்று யோசிக்கும்போது 2009-க்குப் போக வேண்டியிருக்கிறது. இன்றைய மாணவர்கள் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 2010 முதல் எஸ்.பி.எம். தேர்வில் அதிகபட்சம் 10 பாடங்கள்தான் எடுக்கலாம் என்று கல்வி அமைச்சு அறிவித்தது. அதற்கு முன் 17 ஏ, 20 ஏ என்று பிள்ளைகள் குவித்துக்கொண்டிருந்த காலம். வரம்பு வைத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வரம்பு நம் தலையில்தான் விழுந்தது. அறிவியல் பிரிவு மாணவன் ஒருவனின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மலாய், ஆங்கிலம், நன்னெறிக் கல்வி, வரலாறு, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். ஆயிற்று ஒன்பது. தமிழ்மொழியைச் சேர்த்தால் பத்து. இலக்கியத்துக்கு இடமே இல்லை. கணக்கியலும் எடுக்க விரும்புகிறவன் தமிழ்மொழியையே விட வேண்டும்.

சமூகம் கொதித்தது. கூட்டங்கள், மகஜர்கள், பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுத்து. தமிழ் தொடர்பான ஒரு விஷயத்துக்கு இவ்வளவு பேர் ஒரே குரலில் பேசியதை நான் அதற்கு முன் அதிகம் பார்த்ததில்லை. கடைசியில் 12 பாடங்கள் வரை எடுக்கலாம் என்று அரசாங்கம் இறங்கிவந்தது. அந்தக் கூடுதல் இரண்டுக்கும் உபகாரச் சம்பளக் கணக்கில் என்ன மதிப்பு என்ற சண்டை அதற்குப் பிறகும் தொடர்ந்தது, அது வேறு கதை. நாம் வென்றோம். நானும் கையெழுத்துப் போட்டவன்தான்.

அந்த மகஜர்களில் நாம் கேட்டது என்ன? எழுத விடு என்று கேட்டோம். சொல்லிக்கொடு என்று கேட்கவில்லை. தேர்வு மண்டபத்தில் ஒரு மேசையைக் கேட்டு வாங்கினோம், வகுப்பறையில் ஒரு மேசையைக் கேட்க மறந்துவிட்டோம். மறந்தோம் என்பதுகூடச் சரியில்லை. அது நமக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் நம் மனத்தில் இலக்கியம் என்பது ஏற்கெனவே படிக்கிற பாடமாக இல்லை, எழுதுகிற தாளாகத்தான் இருந்தது. மலிவாகக் கிடைக்கும் ஒரு கூடுதல் ஏ. அரசாங்கத்துக்கும் இது வசதி. மேசை போடச் செலவு இல்லை, ஆசிரியர் போடத்தான் செலவு.

"பதினைந்து பேர் இல்லையே, என்ன செய்வது?" இது அடுத்து வரும் பதில். 1996 கல்விச் சட்டம், தேசிய இடைநிலைப்பள்ளி ஒன்றில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. இந்தப் பதினைந்தை நம் ஆட்கள் ஒரு கோட்டைச் சுவரைப்போலப் பேசுகிறார்கள். பள்ளி முதல்வரிடம் போவதற்கு முன்பே, "எங்க பள்ளியில பதினோரு பேர்தான் சார், கிடைக்காது" என்று தாங்களே கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். சட்டத்தை வாசித்துப் பாருங்கள். பதினைந்து பேர் கேட்டால் பள்ளி செய்தே ஆக வேண்டும், தப்பிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். பதினான்கு பேருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. பதினைந்து என்பது அவர்களின் கடமை தொடங்கும் எண். அதை நாம் நம் உரிமை முடியும் எண்ணாக மாற்றி வைத்திருக்கிறோம். இன்னொன்றும் இருக்கிறது. சட்டம் சொல்வது தமிழ்மொழியை. இலக்கியம் தமிழ்மொழிக்கு அடுத்த தாள். மொழி வகுப்பே பள்ளி முடிந்த பிறகு, வெயிலில், பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நடக்கிற இடங்களில் இலக்கிய வகுப்பை யார் கேட்பது?

இங்கே என் நண்பர்கள் சிலர் குறுக்கே வருவார்கள் என்று தெரியும். அவர்கள் சொல்வது அலட்சியப்படுத்தக்கூடிய வாதமும் இல்லை. "வகுப்பு இருந்தால்தான் எழுதணும்னு சொன்னா, எழுதுற எண்ணிக்கை விழுந்துடும். எண்ணிக்கை விழுந்தா தாளையே எடுத்துடுவான். நோட்ஸ் கொடுத்தாவது எண்ணிக்கையைக் காப்பாத்து." பல வருடம் நானும் இதைத்தான் சொன்னேன். பிள்ளைகளை எழுத வேண்டாம் என்று இப்போதும் சொல்லவில்லை. எழுதட்டும். ஆனால் எண்ணிக்கையைக் காட்டி எண்ணிக்கையை மட்டும் காப்பாற்றிக்கொண்டே இருந்தால் வருவது என்ன? இத்தனை பேர் எழுதுகிறார்கள், நல்ல தேர்ச்சியும் இருக்கிறது, அப்புறம் ஆசிரியர் எதற்கு என்று ஓர் அதிகாரி கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. ஆசிரியர் இல்லாமலே நடக்கும் என்று வருடாவருடம் நிரூபித்துக் கொடுப்பது நாம்தான். என்னுடைய 42 பக்கமும் அந்த நிரூபணத்தின் ஒரு பகுதி.

அந்த நோட்ஸில் ஒரு பிழை இருந்தது. நாடகப் பகுதியில் இரண்டு பாத்திரங்களின் பெயரை மாற்றி எழுதிவிட்டேன். அப்பா செய்ததைச் சித்தப்பா செய்ததாக. இரவு இரண்டு மணிக்குத் தட்டச்சு செய்தது. இரண்டு வருடம் அது எனக்குத் தெரியவே இல்லை. ஒரு முறை விடுமுறையில் பிள்ளைகளை வரச்சொல்லி ஒரு பயிற்சி விடை எழுதச் சொன்னேன். ஏழு பேர். ஏழு தாளிலும் சித்தப்பா. முதல் தாளில் பார்த்தபோது அந்தப் பெண் கதையைக் குழப்பிக்கொண்டாள் என்று நினைத்துச் சிவப்பில் வட்டம் போட்டேன். நான்காவது தாளில்தான் உறைத்தது, குழப்பியவன் நான். ஏழு பேரில் ஒருவர்கூட நாடகத்தைத் திறந்து பார்த்திருக்கவில்லை. அதில் ஒரு பையன், "சார், டிரையல்ல இதே பதில்தான் எழுதினேன், ஃபுல் மார்க் கொடுத்தாங்க" என்றான். திருத்தியவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை. எழுதியவனும் படிக்கவில்லை, திருத்தியவரும் படிக்கவில்லை, தொகுத்தவன் தூக்கத்தில் இருந்தான். தமிழ் இலக்கியத்தில் முழு மதிப்பெண்.

தமிழ்நாட்டில் கோனார் உரையை வைத்துத் தேர்வெழுதிய தலைமுறைகள் உண்டு, அதனால் தமிழ் என்ன அழிந்துவிட்டதா என்று கேட்கலாம். ஆனால் அங்கே உரைநூல் வகுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. ஆசிரியர் செய்யுளை வாய்விட்டுப் படித்தார், நன்றாகவோ மோசமாகவோ. மாணவன் உரையை வைத்துக்கொண்டு வகுப்பில் தூங்கினாலும் காதில் ஏதாவது விழுந்தது. இங்கே உரை மட்டும்தான் இருக்கிறது.

வகுப்பு என்றால் என்ன என்பதை ஒரு சின்ன விஷயத்தில் சொல்லலாம். அந்தப் பிழைக்குப் பிறகு குற்றவுணர்வில் சனிக்கிழமை காலையில் வீட்டு வரவேற்பறையில் நாலைந்து பிள்ளைகளை வைத்துப் படிக்கத் தொடங்கினேன். பாடநூல் இல்லை, சும்மா வாசிப்புதான். ஒரு நாள் தோட்ட வாழ்க்கையைப் பற்றிய ஒரு கதையை வாசித்துக்கொண்டிருந்தோம். 'பெரட்டு' என்று ஒரு சொல் வந்தது. பிறகு 'ஒட்டுப்பால்'. சுங்கை பாரு தோட்டத்துப் பையன் ஒருவன், "பெரட்டுன்னா என்ன சார்?" என்றான். நோட்ஸில் இருந்திருந்தால் நான் 'பெரட்டு: விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு' என்று ஒரு வரி போட்டிருப்பேன், அவனும் அடிக்கோடிட்டிருப்பான். அன்று நான் பதில் சொல்லவில்லை. பாட்டியிடம் கேட்டு வா என்றேன். அடுத்த வாரம் வந்தான். பாட்டி முக்கால் மணி நேரம் பேசினாராம். இருட்டில் எழுந்தது, பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிட்டது, மழை வந்தால் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பியது, மங்கில் உறைந்த ஒட்டுப்பாலைப் பிடுங்கிச் சாக்கில் போட்டது, அந்த நாற்றம் சேலையை விட்டுப் போகாதது. "பாட்டி இதெல்லாம் எங்கிட்ட சொன்னதே இல்ல சார்" என்றான். கேட்டால்தானே சொல்வார்கள். இவ்வளவும் நடந்தது ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்க ஓர் ஆள் எதிரே இருந்ததால். அன்றைக்கு நாங்கள் கதையில் மூன்று பக்கம்தான் நகர்ந்தோம். தேர்வு நோக்கில் பார்த்தால் அது வீண்.

ஆறாம் படிவத்தில் இந்தக் கதை இன்னும் கடுமை. எச்.எஸ்.சி. போய் 1982-இல் எஸ்.டி.பி.எம். வந்தது. 2012 வரை எல்லாம் கடைசியில் ஒரே தேர்வு. அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்தை மூன்று தவணையாகப் பிரித்து, தவணைக்கு ஒரு தேர்வு என்று மாற்றினார்கள். முன்பெல்லாம் கடைசி நேரம் ஒருமுறைதான் வந்தது, இப்போது மூன்று முறை வருகிறது. வழக்கமாக நாலு பாடம் எடுக்கிறார்கள். அதில் பொதுப்பாடம் கட்டாயம். மிச்சம் மூன்று. அந்த மூன்றில் ஒன்றாகத் தமிழை எடுப்பவன் விளையாட்டாக எடுப்பதில்லை. எஸ்.பி.எம். இலக்கியத்தைப்போல இது பன்னிரண்டாவது பாடம் இல்லை. பல்கலைக்கழகக் கதவையே இந்த மூன்றில் ஒன்றின்மேல் சாய்த்து வைக்கிறான். எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்திலிருந்து அப்படி எடுத்தவர்கள் மூவர். மூவருமே வகுப்பு இல்லாமல், வாரக் கடைசியில் மலாக்காவுக்கும் சிரம்பானுக்கும் பஸ் ஏறி, யாராவது ஓர் ஆசிரியர் ஒழிந்த நேரத்தில் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டுக்கொண்டு எழுதினார்கள். ஒருத்தி இரண்டாம் தவணையோடு தமிழை விட்டாள். "மத்த பாடத்தையும் சேர்த்து இழுத்துடும் சார்." அவள் சொன்னதில் தப்பில்லை.

இதை ஏன் இவ்வளவு தூரம் சொல்கிறேன் என்றால், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கோ தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்க் கல்விக்கோ நாளை போகிறவர்கள் இந்தப் பிள்ளைகளிடமிருந்துதான் வர வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்கு எஸ்.பி.எம். முடித்த கையோடு போகிறார்கள். 42 பக்கத்தை மூன்று வாரத்தில் விழுங்கி ஏ வாங்கிய ஒருவர் ஐந்தாறு வருடத்தில் தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் நிற்பார். அவருக்கு இலக்கியம் என்றால் கதைச்சுருக்கமும் பாத்திரப் படைப்பும்தான். வேறு எதையும் நாம் அவருக்குக் காட்டவில்லை. பிறகு நாமே, "இந்தக் காலத்து வாத்தியார்கள் படிக்கிறதே இல்ல" என்று கூட்டம் போட்டுப் பேசுவோம்.

செய்ய முடியாத காரியம் ஒன்றையும் நான் கேட்கவில்லை. பக்கத்தில் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கேயும் எல்லா உயர்நிலைப்பள்ளியிலும் தமிழ் வகுப்பு நடத்துமளவுக்குத் தமிழ்ப் பிள்ளைகள் இல்லை. ஆகவே தமிழ் இல்லாத பள்ளிகளின் பிள்ளைகள் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற பொது இடத்துக்குப் போய்ப் படிக்கிறார்கள். அது முறையான வகுப்பு, ஆசிரியர் அரசாங்க ஆசிரியர். "அது பணக்கார நாடு, சின்ன ஊரு" என்பார்கள். சரி, நாடு முழுக்க வேண்டாம். அலோர் காஜா மாவட்டத்துக்கு ஒன்று. மஸ்ஜிட் தானாவில் ஒரு வகுப்பறை, சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம், மாவட்டக் கல்வி இலாகாவின் நியமனக் கடிதத்தோடு ஓர் ஆசிரியர், மாணவர் வருகைப் பதிவேடு. கோலா சுங்கை பாரு, லுபோக் சீனா, ரமுவான் சீனா என்று சிதறிக் கிடக்கும் பிள்ளைகளைப் பள்ளி வாரியாக எண்ணாமல் மாவட்ட வாரியாக எண்ணினால் பதினைந்து என்ன, அதற்கு மேலேயே வரும்.

கோயில் மண்டபத்தில் நாமே நடத்திக்கொள்ளலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். நடத்தலாம். என் வீட்டில் நடப்பதும் அதுதான். ஆனால் அதுவும் ஒரு வகையில் 42 பக்கம்தான். நான் காய்ச்சலில் படுத்தால் வகுப்பு இல்லை. நான் ஊர் மாறினால் வகுப்பே இல்லை. தொண்டால் ஒரு வகுப்பை ஆரம்பிக்கலாம், பத்து வருடம் நிறுத்தி வைக்க முடியாது. நியமனம் வேண்டும், சம்பளம் வேண்டும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் அதிகாரி வேண்டும்.

ஆகவே இந்த முறை நோட்ஸ் கேட்டவர்களிடம் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். நோட்ஸ் தருகிறேன், பிழை திருத்தியதைத் தருகிறேன், ஆனால் அம்மாவோ அப்பாவோ ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மாவட்டக் கல்வி இலாகாவுக்கு, மேலே சொன்ன சனிக்கிழமை வகுப்பைக் கேட்டு. இதுவரை பதினொரு கையெழுத்து. மூன்று வீட்டில் மறுத்துவிட்டார்கள். ஒருவர் அரசாங்க வேலையில் இருப்பதால் பயந்தார். ஒருவர், "எம்பொண்ணு இந்த வருஷம் எழுதி முடிச்சிடுவா சார், அப்புறம் வகுப்பு எதுக்கு?" என்றார். மூன்றாமவர் கதவையே திறக்கவில்லை, பூசை நேரம் போலிருக்கிறது, மறுபடி போக வேண்டும்.

கடிதம் இரண்டு பக்கம், மலாயில் இருக்கிறது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாம். கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன்.